கவலைக்கு ஒரு கட்டம்

நர்ஸ் வேலைக்குப் பயிற்சி பெறுபவர்களிடம் பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாசகம் ஒன்று உண்டு: எழுதப்படாதது செய்யப்படவில்லை. ஊசி போட்டிருக்கலாம், புரட்டிப் படுக்க வைத்திருக்கலாம், இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஏட்டில் இல்லையென்றால் எதுவும் நடக்கவில்லை. இந்த வாசகத்துக்குப் பின்னால் இருப்பது கோர்ட்டு. நாளை வழக்கு என்று வந்தால் அவளைக் காப்பாற்றப் போவது அவளுடைய ஞாபகம் அல்ல, கேஸ் ஷீட்டில் இருக்கும் அவள் கையெழுத்துதான் என்ற எச்சரிக்கை அது. நியாயமான எச்சரிக்கை. ஆனால் எச்சரிக்கையாக இருந்தது நாளடைவில் ஒரு தத்துவமாக உறைந்துவிட்டது. சாட்சியம் பற்றிய விதி, இருப்பு பற்றிய விதியாகிவிட்டது.

இங்கே எழுதுகிற, இங்கே எழுதுவதைப் படிக்கிற சிலருக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நாமும் இதே வாசகத்தை வேறு பாஷையில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தாம். சொல்லில் வந்து சேராத அனுபவம் கவிதையில் இல்லை என்கிறோம். ‘ஆழமாக உணர்ந்தேன், எழுதத்தான் வரவில்லை’ என்பவனை நாம் கவி என்று ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் கறார்த்தனம் கவிதைக்குச் சரி, ஏனென்றால் கவிக்குச் சொல்லே செயல். நர்ஸின் விஷயம் அப்படியல்ல. அவளுக்குச் செயல் முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது. சொல் பின்னால், ஷிஃப்ட் மாறுகிற அவசரத்தில், அடுத்தவள் வந்து நின்றுகொண்டிருக்கும்போது வருகிறது. அவளிடம் போய் நம்முடைய கறார்த்தனத்தைக் காட்டலாமா என்பதுதான் கேள்வி.

கேள்வி இப்போது கூர்மையடைந்திருப்பதற்குக் காரணம், அந்தச் சொல் காகிதத்தை விட்டு வெளியேறிவிட்டது. கலிஃபோர்னியாவில் எல் காமினோ என்ற மருத்துவமனை 1970களின் தொடக்கத்திலேயே வார்டு வார்டாகக் கம்ப்யூட்டர் திரைகளை வைத்தது. நோயாளி பற்றிய தகவல்களைத் திரட்டிப் பராமரித்துப் பயன்படுத்துவதை நர்ஸ் தொழிலின் ஒரு தனிச் சிறப்புத் துறையாக அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1992இல் அங்கீகரித்தது. 2009இல் வந்த சட்டம் ஒன்று, மின்பதிவேடுகளுக்கு மாறுகிற மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுத்து அந்த நாடு முழுவதையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தது. இன்று மேல்படிப்பு படித்த நர்ஸ் ஒருத்தி, ஒரு நோயாளியையும் தொடாமல், ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பற்றிய தகவல்களோடு மட்டும் தன் தொழில் வாழ்க்கையைக் கழிக்கலாம். இதைப் பரிதாபம் என்று நான் சொல்லவில்லை. தொடாமலேயே நன்மை செய்தவர்கள் உண்டு. அதில் முதன்மையானவர், தொட்டதற்காகவே புகழ் பெற்றவர் என்பது ஒரு வேடிக்கை.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைச் சொல்கிறேன். கையில் விளக்கோடு கட்டில்களுக்கு நடுவே போகிற அந்தப் பிம்பம் நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள் வரை வந்துவிட்டது. 1854 நவம்பரில் அவர் ஸ்கூதாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கண்டவற்றில் அழுக்கும் பேனும் மட்டும் இல்லை. இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு மூன்று வெவ்வேறு பதிவேடுகள் இருந்தன. மூன்றும் மூன்று கணக்குச் சொல்லின. எத்தனை பேர் செத்தார்கள் என்பதே தெரியாத ஒரு இடத்தில் எதனால் செத்தார்கள் என்று யார் கேட்பது? ஊர் திரும்பிய பிறகு வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து, காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம் என்பதை, விசிறி விரிந்த மாதிரி வண்ணத்தில் வரைந்து 1858இல் காட்டினார். 1860இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டின் முன் எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரியான படிவத்தில் தகவல் சேகரிக்க வேண்டும் என்ற திட்டத்தை வைத்தார். அதே காலத்தில்தான், நோயாளியின் முகத்தை எப்படிப் பார்ப்பது, எந்தக் கேள்வி அவனைப் பொய் சொல்ல வைக்கும், படுக்கையருகே கிசுகிசுப்பது எவ்வளவு கொடுமை என்றெல்லாம் விரிவாகப் பேசும் நர்ஸிங் குறிப்புகளையும் எழுதினார். எண் வேறு, பார்வை வேறு என்ற பிரிவினை அவரிடம் இல்லை. அதை உண்டாக்கியவர்கள் பின்னால் வந்த நாம்.

ஆகவே எண்ணைத் திட்டுகிற சுலபமான கட்டுரையை நான் எழுதப் போவதில்லை. நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் அந்தக் கட்டுரைக்கு எப்போதும் மரியாதை உண்டு: யந்திரம் மனிதனைத் தின்கிறது, ஆத்மா அட்டவணையில் அடங்காது, இத்யாதி. எண்ணப்படாத பிணம் யார் மேலும் குற்றம் சாட்டுவதில்லை என்பதை அந்தக் கட்டுரைகள் யோசிப்பதில்லை. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரியில் 2005க்கும் 2009க்கும் இடையில் நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல், மலஜலத்தில் கிடந்து அவதிப்பட்டார்கள். அதை வெளியே கொண்டுவந்ததில் உறவினர்களின் ஓயாத புகாருக்குப் பக்கத்தில், எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்த மரண விகிதத்துக்கும் இடமுண்டு. நிர்வாகம் என்ன சொல்லிற்று? நோய்களைக் குறியீடாக மாற்றிப் பதிகிற இடத்தில் ஏதோ தவறு என்றது. அதே நிர்வாகம்தான் வேறு சில எண்களை, செலவுக் கணக்கையும் இலக்குகளையும், பூஜித்துக்கொண்டிருந்தது. 2013இல் வெளிவந்த ராபர்ட் ஃப்ரான்சிஸின் விசாரணை அறிக்கையைப் பார்க்கிறவர்களுக்கு விளங்கும்: அங்கே எண்ணுக்கும் மனிதனுக்கும் சண்டை நடக்கவில்லை. சில எண்களுக்குக் காது கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை.

எதிர்ப்புறத்தில் ஒரு கவிஞர். வால்ட் விட்மன், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வாஷிங்டன் ராணுவ ஆஸ்பத்திரிகளில் காயம்பட்டவர்களிடையே ஊதியமில்லாமல் நாள் தவறாமல் போய்வந்தவர். பையில் சிறு சிறு நோட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார், தாளை மடித்துக் குண்டூசி குத்தியவை. எந்த வார்டு, எந்தக் கட்டில், பையனுக்கு எந்த ஊர், எங்கே காயம், இன்றைக்கு அவனுக்கு என்ன வேண்டும் என்று குறித்துக்கொள்வார். ஒருவனுக்கு ஆரஞ்சு, ஒருவனுக்குப் புகையிலை, இன்னொருவனுக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதத் தாள். இதுவும் தகவல் பராமரிப்புதான். ஆனால் இந்த நோட்டில் முன்கூட்டியே போட்ட பத்திகள் இல்லை. ஒவ்வொரு நோயாளியும் தன்னுடைய தலைப்பைத் தானே கொண்டுவருகிறான். ஆரஞ்சையும் புகையிலையையும் கூட்ட முடியாது. கூட்ட முடியாததால் அந்தக் கட்டிலில் கிடந்தவனுக்கு அது முழுமையாகப் பயன்பட்டது. அடுத்த யுத்தத்தில் அடிபடப் போகிறவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. நைட்டிங்கேலின் படிவம் நேர்மாறு. கட்டிலில் கிடந்தவனுக்குத் தாமதமாக வந்தது, இனி கிடக்கப் போகிறவனுக்கு உயிர் கொடுத்தது. இவ்விரண்டில் ஒன்றை உயர்ந்தது என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டும் ஒரே ஏட்டில் இருக்க முடியுமா என்றுதான் பார்க்கிறேன்.

நர்ஸ்களே இதற்கு ஒரு வழி தேடினார்கள். அவர்களுடைய வேலைக்குப் பெயர் இல்லை. டாக்டர் செய்வதற்கெல்லாம் பெயரும் குறியீடும் விலையும் இருந்தன. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லில் நர்ஸின் உழைப்பு அறை வாடகைக்குள், கட்டில், போர்வை, மின்விளக்கு இவற்றோடு சேர்த்துக் கரைந்துபோனது. பெயரில்லாததற்குச் சம்பளம் கேட்க முடியாது, கற்றுக்கொடுக்க முடியாது, ஆட்குறைப்பு வரும்போது ‘இது போய்விட்டது’ என்று சுட்டிக்காட்டக்கூட முடியாது. 1973இல் செயின்ட் லூயிஸில் கூடி, டாக்டரின் நோய்ப் பெயர்களிலிருந்து வேறான, நர்ஸ் காண்கிற நிலைகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு நர்ஸ் செய்கிற காரியங்களைப் பட்டியலிட்டு 1992இல் வெளியிட்டது. முதல் பதிப்பில் 336 காரியங்கள். அதில் டிரிப் ஏற்றுவதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் இருக்கும், எதிர்பார்த்ததுதான். நகைச்சுவையும் உண்டு. தொடுதல் உண்டு. உடனிருத்தல் என்று ஒன்று உண்டு. அதாவது ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் இருப்பது.

ஜெஃப்ரி பௌக்கர், சூசன் லீ ஸ்டார் இருவரும் வகைப்படுத்தல் பற்றி 1999இல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பட்டியலை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட சிக்கல் இது: பார்வைக்கு வந்தால் மதிப்பு வரும், மதிப்போடு கண்காணிப்பும் வரும். எல்லாவற்றையும் நுணுக்கமாக எழுதினால் நர்ஸின் சுயமான தீர்ப்புக்கு இடம் இருக்காது, எழுதாமல் விட்டால் அவளே இருக்கமாட்டாள். தாழ்த்தப்பட்ட எந்தக் கூட்டமும் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது இந்தக் கண்ணியில்தான் கால் வைக்கிறது.

உடனிருத்தலுக்குப் பெயர் வைத்தது தவறு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் வைப்பது நம் தொழிலும்கூட. பெயர் வைத்த கணத்தில் யாரோ ஒருத்தி தான் பல வருஷமாகச் செய்துவந்ததைத் திடீரென்று கண்டுகொண்டிருப்பாள். கெடுதல் அடுத்த அடியில் நிகழ்கிறது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அதில் டிக் அடிக்கச் சொல்லும்போது. உண்மையிலேயே உடனிருந்தவளும், உடம்பை மட்டும் அங்கே நிறுத்திவிட்டு மனசை பஸ் நேரத்தில் வைத்திருந்தவளும் ஒரே டிக்கைத்தான் அடிக்கிறார்கள். பெயர்ச்சொல் இரண்டு பேரையும் பிரித்துக் காட்டும் சக்தி உள்ளது. டிக்குக்கு அது இல்லை. நம் கவிதைகளில் ‘மௌனம்’ என்ற சொல் வந்துபோகிற விதத்தைக் கவனித்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு டிக்தான்.

ஆப்ரஹாம் வர்கீஸ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பின்னால் அமெரிக்காவில் பேராசிரியராகவும் நாவலாசிரியராகவும் ஆனவர், 2008இல் ஒரு கட்டுரையில் புகார் செய்தார்: டாக்டர்கள் கட்டிலில் இருக்கும் நோயாளியை விட்டுவிட்டுத் திரையில் இருக்கும் நோயாளியைக் கவனிக்கிறார்கள் என்று. பலரும் ரசித்த கட்டுரை. ஆனால் அந்த ஏக்கம் டாக்டரின் ஏக்கம். கட்டிலை விட்டுப் போனவர்களால்தான் கட்டிலுக்குத் திரும்ப வேண்டும் என்று பேச முடியும். நர்ஸ் போகவே இல்லை. திரையையும் அவள் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டுவந்தாள், அதற்கு ஒரு சக்கர வண்டி வாங்கிக் கொடுத்தார்கள்.

எண் நர்ஸுக்குச் செய்த ஒரு உபகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் 2012இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை தேசிய அளவில் கொண்டுவந்தார்கள். மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன், பி.பி., நாடி, ஜுரம், நினைவு இவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண். நோயாளிக்குத் தனியாக ஆக்ஸிஜன் வைத்திருந்தால் அதற்கும் உண்டு. கூட்டி 7 வந்துவிட்டால் அவசரம், பெரியவர்கள் வந்தாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பெண் ராத்திரி மூன்று மணிக்கு, தூக்கத்தில் இருக்கும் டாக்டரை எழுப்பி, ‘ஸார், எனக்கென்னவோ சரியாகப் படவில்லை’ என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். ‘ஸார், ஏழு’ என்றால் அவர் எழுந்து வருகிறார். உத்தியோகத்தின் ஏணியில் கீழே நிற்பவளுக்கு எண் ஒரு குரல் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அவளுடைய சொல் தன் காலில் நிற்க முடியாது, எண்ணின் தோளில் ஏறித்தான் போக வேண்டும் என்பதையும் அது உறுதி செய்துவிட்டது. எண் வருவதற்கு முந்திய கட்டம் ஒன்று இருக்கிறதே, எல்லா அளவும் சரியாக இருந்து ஆள் மட்டும் சரியாக இல்லாத கட்டம், அங்கே அவளுக்கு இன்னும் குரல் இல்லை.

அந்தக் கட்டம் கற்பனை அல்ல. பட்ரிஷியா பென்னர் 1984இல் எழுதிய புத்தகம் அனுபவப்பட்ட நர்ஸ்களின் இந்த அறிவைப் பற்றியதுதான். விதிகளைக் கூட்டிப் பார்த்து முடிவுக்கு வருவதில்லை அவர்கள், நிலைமையை மொத்தமாகப் பார்க்கிறார்கள். மைக்கேல் போலன்யி, நாம் அறிந்தவற்றில் சொல்ல முடிவது ஒரு பகுதிதான் என்று தத்துவத்தில் வாதாடியதை வார்டில் போய்க் கண்டெடுத்த மாதிரி. ஆஸ்திரேலியாவில் 1990இல் தொடங்கிய அவசர மருத்துவக் குழு முறையில், குழுவைக் கூப்பிடுவதற்கான காரணங்களில் நாடித் துடிப்பு முதலானவற்றோடு ‘கவலையாக இருக்கிறது’ என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். நெதர்லாந்தில் கௌஸ்கே டௌவ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் நர்ஸ்களின் கவலையையே பிரித்து ஒன்பது அறிகுறிகளாக்கினார்கள்: மூச்சில் மாற்றம், ரத்த ஓட்டத்தில் மாற்றம், குளிர் நடுக்கம், புத்தியில் தடுமாற்றம், பதற்றம், வலி, தேறாமை, தனக்குச் சரியில்லை என்று நோயாளியே சொல்வது. ஒன்பதாவது, காரணம் சொல்லத் தெரியாத, நர்ஸின் சொந்த அவதானிப்பு. பட்டியலுக்குள் பட்டியலால் பிடிக்க முடியாததற்கு ஒரு இடம். இதை நான் ஒரு சிறிய தத்துவ சாதனை என்றே மதிக்கிறேன். தன் எல்லையைத் தானே குறித்து வைத்திருக்கிற பட்டியல் அபூர்வம்.

இனி வருவதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த விஷயம்.

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, தகவலியல் படித்த நர்ஸ்களின் குழு ஒன்று, சாரா ராஸெட்டியும் கென்ரிக் கேட்டோவும் அதில் முக்கியமானவர்கள், பழைய மின்பதிவேடுகளை வேறு மாதிரி வாசித்துப் பார்த்தது. ஏட்டில் என்ன எண் எழுதப்பட்டிருக்கிறது என்பதைவிட, எப்போது எழுதப்பட்டது, எத்தனை தடவை எழுதப்பட்டது என்பதைப் பார்த்தார்கள். நாலு மணிக்கு ஒரு தடவை பி.பி. பார்த்தால் போதும் என்று உத்தரவு இருக்கும்போது ஒருத்தி ஒரு மணிக்கொரு தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். அளவு சாதாரணம்தான். இருந்தும் பக்கத்தில், எழுத வேண்டிய கட்டாயமே இல்லாத குறிப்புப் பகுதியில், இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறாள். பின்னால் மோசமடைந்த நோயாளிகளின் ஏட்டில் இந்த உபரி எழுத்து அதிகம் என்று 2013இல் வெளியிட்டார்கள். பிறகு, இந்த உபரியையே படித்து ஆபத்தை முன்னறிவிக்கும் ஒரு கம்ப்யூட்டர் முறையைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கன்ஸர்ன். ஆங்கிலத்தில் அக்கறைக்கும் கவலைக்கும் அந்த ஒரே சொல். இரண்டு பெரிய ஆஸ்பத்திரித் தொகுதிகளில், 74 வார்டுகளில், 60,000க்கு மேற்பட்ட நோயாளிச் சேர்க்கைகளில் சோதித்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த முறை இருந்த வார்டுகளில் மரண அபாயம் 35 சதவீதத்துக்கும் சற்று மேலாகக் குறைந்திருந்தது. திடீரென்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள் அதிகமாகியிருந்தார்கள், அதாவது முன்னாலேயே கவனித்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

இதில் என்ன நடந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். யந்திரம் நோயாளியைப் பார்க்கவில்லை. நோயாளியைப் பார்க்கிற நர்ஸைப் பார்க்கிறது. அவள் சொன்னதை அல்ல, சொல்லாததை, அவள் நடையில் கசிந்ததைப் படிக்கிறது. இதற்கு நம்மிடம் ஒரு பெயர் உண்டு. இது விமர்சனம். கவி எதைச் சொல்வதாக உரிமை கொண்டாடுகிறானோ அதை ஒதுக்கிவிட்டு, எங்கே ஒரு சொல்லைத் தேவைக்கு மேல் திரும்பச் சொல்கிறான், எந்த வரியில் மூச்சு முட்டுகிறது என்று பார்த்து, அவனுக்கே தெரியாத அவன் பயத்தைக் கண்டுபிடிக்கிற வாசிப்பு. ராத்திரி மூன்று மணிக்கு டாக்டரின் காதில் விழாத கவலையைக் கடைசியில் காது கொடுத்துக் கேட்டது ஒரு நடையியல் விமர்சகன். அவன் மனிதன் இல்லை என்பதுதான் சங்கடம்.

நம்முடைய அனுபவத்திலிருந்தே அடுத்தது என்ன என்று சொல்லிவிடலாம். தன் எந்தச் சறுக்கலை விமர்சகன் ரசிக்கிறான் என்று கவிக்குத் தெரிந்த மறுநாளிலிருந்து அவன் சறுக்கலை உற்பத்தி செய்ய ஆரம்பிக்கிறான். எத்தனையோ தொகுப்புகள் சாட்சி. நர்ஸ் அப்படிச் செய்வாள் என்பதல்ல என் பயம். அவள் கூடுதலாகப் போய்ப் பார்த்து எழுதினால், கவலைப்பட்டுத்தான் எழுதுவாள், நல்லதே. பயம் மேலாளரிடம். உபரி எழுத்து உயிரைக் காப்பாற்றுகிறது என்று கேள்விப்பட்ட நிர்வாகம், எல்லா நர்ஸும் இரண்டு மணிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை விடும். அன்றைக்கே அந்த அறிகுறி செத்துப் போகும். அதன் அர்த்தமெல்லாம் அது கேட்கப்படாதது என்பதில்தான் இருந்தது. அல்லது இதற்கு நேர் எதிராக, ‘நீ கவலைப்பட்டது மாலை ஆறு மணிக்கே ஏட்டில் தெரிகிறது, ஏன் யாரையும் கூப்பிடவில்லை?’ என்று விசாரணையில் கேட்கப்படும். அப்படி ஒரு கேள்வி ஒரே ஒருத்தியிடம் கேட்கப்பட்டால் போதும், அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இனிமேல் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை எழுதமாட்டார்கள்.

ஒருவர் சொல்லாததைப் படிக்க இன்னொருவருக்கு உரிமை உண்டா? நோயாளிக்காகப் படிக்கலாம், நர்ஸுக்கு எதிராகப் படிக்கக் கூடாது என்பது என் பதில். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் ஒரே ஏடு, ஒரே யந்திரம், ஒரே நிர்வாகம். ஒரு காரியத்துக்காகத் திரட்டிய தகவல் அந்தக் காரியத்தோடு நின்ற சரித்திரம் குறைவு. இங்கே ஒரு மதில் எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுப்புகிற திறமையும் அதற்கான மனசும் அந்தத் தகவலியல் நர்ஸிடம்தான் எதிர்பார்க்க முடியும், ஏனென்றால் இரண்டு பக்கமும் நின்றவள் அவள். தொடாமல் செய்யும் தொழில் என்று மேலே சொன்னேனே, அதன் தர்மம் முழுவதும் இந்த மதிலில் இருக்கிறது என்று படுகிறது.

நம் ஊர் வார்டுக்கு இந்த முறை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் வேறொரு கலக்கம் வருகிறது. உபரி எழுத்துக்கு உபரி நேரம் வேண்டும். கட்டில் நிரம்பி, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, ஒரே நர்ஸ் இத்தனை பேருக்கும் ஊசி முடிப்பதற்குள் விடிந்துவிடுகிற வார்டில், கவலை தடயம் விடுவதில்லை. அவள் எட்டாம் நம்பர் கட்டிலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு நகர்கிறாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. ஏடு வெறுமையாக இருக்கும். வெறுமையைக் கவலையின்மை என்று யந்திரம் படிக்கும். எழுதப்படாதது செய்யப்படவில்லை என்ற பழைய வாசகம் இன்னொரு படி ஏறி, எழுதப்படாதது உணரப்படவில்லை என்று ஆகிவிடும். இன்னொன்று, கவலையும் பாரபட்சமில்லாதது அல்ல. தன் பாஷை பேசுகிறவரை, தன் ஜாதி ஜனம் மாதிரித் தெரிகிறவரை நாலு தடவை எட்டிப் பார்ப்பதும், மூலையில் கிடக்கும் வடநாட்டுக் கூலியாளை இரண்டு தடவை பார்ப்பதும் நடக்கக்கூடியதே. யந்திரம் அந்தப் பாரபட்சத்தைக் கடன் வாங்கிக் கணக்காக்கித் திருப்பிக் கொடுக்கும்.

வார்டுக்கு வெளியே, தமிழ்நாட்டில் இந்தப் பிரச்னைக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருக்கிறது: கிராம சுகாதார நர்ஸ். ஏறக்குறைய ஐயாயிரம் ஜனத்தொகைக்கு ஒருவர் என்பது கணக்கு. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து எண் வாங்கிக் கொடுப்பது, எடை, பி.பி., ரத்தத்தின் அளவு, தடுப்பூசித் தேதி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் பொறுப்பு. உதவித்தொகைக்கு அந்த எண் வேண்டும். பதிவு வேலையின் பாரம் வீடு வீடாகப் போகிற வேலையைத் தின்கிறது என்று அவர்கள் குரல் எழுப்பியும் இருக்கிறார்கள். இந்தப் பதிவால் நன்மை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் எந்த வீட்டு மாமியார் ஆஸ்பத்திரிக்கு விடமாட்டாள், எந்தப் பெண் ஏழாம் மாதத்தில் செங்கல் சூளைக்குக் குடிபெயர்ந்துவிடுவாள் என்பது அந்த நர்ஸுக்குத் தெரியும், படிவத்துக்குத் தெரியாது.

இதே அரசாங்கத்தின் இன்னொரு ஏட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1990களிலிருந்து இங்கே தாய் இறந்த ஒவ்வொரு சம்பவத்தையும் விசாரிக்கிற முறை வளர்ந்துவந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கேட்கிறார்கள்: வலி எப்போது எடுத்தது, யார் முடிவு செய்தார்கள், வண்டி எத்தனை மணிக்குக் கிடைத்தது, முதல் ஆஸ்பத்திரியில் என்ன சொல்லி அனுப்பினார்கள். பிரசவ மரணங்களை ஆராய்கிறவர்கள் 1994லிருந்து மூன்று தாமதங்கள் என்று ஒரு பாகுபாடு வைத்திருக்கிறார்கள். போவதா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். எனக்குத் தெரிந்து இதைவிட நாணயமான வகைப்பாடு இல்லை. ஏனென்றால் இந்தக் கட்டங்களை நிரப்பக் கதையைக் கேட்டே ஆகவேண்டும். ஒரு பெண்ணின் கடைசி நாளை மணிவாரியாகக் கேட்காமல் டிக் அடிக்க முடியாது. கூட்டவும் முடிகிறது. விட்மனின் நோட்டும் நைட்டிங்கேலின் படிவமும் ஒரே ஏட்டில் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு இதுவரை எனக்குக் கிடைத்த பதில் இதுதான், அதுவும் செத்த பிறகு எழுதப்படும் ஏடு.

உயிரோடு இருப்பவரின் ஏட்டில் கதை எங்கே தொலைகிறது? கம்ப்யூட்டரில் அல்ல, அதற்கு வெகு முன்னால். நம் நோயாளி தமிழில் சொல்கிறார், ஏடு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, காது குடைகிறது, கால் உளைகிறது, வயிறு பிசைகிறது, முதுகில் சுரீரென்று இழுக்கிறது, நெஞ்சுக்குள் என்னமோ பண்ணுகிறது. எல்லாம் அந்த ஆங்கிலச் சொல் ஒன்றில் போய் விழுகின்றன, வலி என்று. பிறகு அந்த வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். நாற்று நட்டே முதுகு வளைந்த கிழவி தன் வலிக்கு மார்க் போட்டுப் பழகியவள் இல்லை. ‘ஆறு போடட்டுமா பாட்டி?’ என்று நர்ஸ் கேட்க, ‘ஒன் இஷ்டம் தாயி’ என்கிறாள். ஆறு என்று பதிவாகிறது. குடைவதற்கும் உளைவதற்கும் உள்ள வித்தியாசம் மருத்துவத்துக்கு வேண்டாத கவித்துவம் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் ரொனால்ட் மெல்ஸாக் 1975இல் செய்த வலி வினாப்பட்டியலில் வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 பிரிவுகளாக அடுக்கினார். எரிகிற வலியும் இறுக்குகிற வலியும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன என்பதால்தான். சொற்களை அவர் கவிதையிலிருந்து எடுக்கவில்லை என்றாலும் செய்த காரியம் ஒரு அகராதிக்காரனின் காரியம்.

அந்த டச்சுக் குழுவின் ஒன்பது அறிகுறிகளும் வேறு ஊர் நர்ஸ்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. மதுரையிலோ தஞ்சாவூரிலோ டியூட்டி மாறுகிற நேரத்தில் ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டுப் போகிறாள்: ‘அக்கா, பதினொண்ணாம் நம்பர் முகத்துல களையே இல்ல, கொஞ்சம் பார்த்துக்குங்க.’ பி.பி. சரியாக இருக்கிறது, ஜுரம் இல்லை. ஏட்டில் அந்த இடத்தில் நோயாளி சீராக இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல். களை என்பது பயிரில் பிடுங்க வேண்டியது, முகத்தில் இருக்க வேண்டியது. ரத்த ஓட்டமா, மூச்சா, புத்தியா, ஒன்பதில் எதற்குள் அதைப் போடுவது என்று நானும் முயன்று பார்த்தேன். மூன்றில் கொஞ்சம் கொஞ்சம் போகிறது, மிச்சம் நிற்கிறது. அக்கா மட்டும் பதினொண்ணாம் நம்பருக்கு அன்று இரவு நாலைந்து தடவை போய் வருவாள்.